தலையில் தண்ணீர் கவிழும் விருந்து விளையாட்டு: எந்த ரிலே என்று கேட்டவருக்கு

விருந்துக்கு வருகிறவர்களை ஆறு நாற்காலிகளில் உட்கார வைத்து, ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு வாளித் தண்ணீரை நிறுத்தி, விளக்கு எரிந்ததும் யார் கடைசியாகப் பொத்தானை அழுத்துகிறாரோ அவர் தலையில் மட்டும் தண்ணீர் கொட்டும்படி ஒரு பொறி செய்ய வேண்டும் என்கிறீர்கள். அர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஓரளவு பழக்கம், பழைய சலவை இயந்திரங்களில் கழற்றிய மின்வால்வுகள் கையில் இருக்கின்றன, அவற்றை இயக்க எந்த ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) சரி, நிரலை எப்படி எழுதுவது என்பது உங்கள் கேள்வி. கேள்வி ரிலேயில் போய் நின்றாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எப்படி விடுவிப்பது, நனைந்து நிற்கும் மனிதர்களுக்கு நடுவே மின்சாரத்தை எந்த எல்லையில் நிறுத்துவது, கடைசி யார் என்பதைச் சண்டை வராமல் எப்படித் தீர்ப்பது. நான் வால்வுகளோடும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடும் பிழைப்பு நடத்துகிறவன். விழாக்களுக்கு இந்த மாதிரிப் பொறிகள் செய்துகொடுத்த பழக்கமும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நிரல் ஒரு மாலை நேரத்து வேலை. தண்ணீர்தான் உங்களைப் படுத்தப் போகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சலவை இயந்திர வால்வுகளை முதலில் ஒதுக்கி வையுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வால்வுக்குள் இருக்கும் மின்காந்தம் நீர்வழியை நேரடியாகத் திறப்பதில்லை. நடுவில் உள்ள ஒரு சிறு துளையை மட்டும் திறக்கிறது. அதன் பிறகு குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தமே ரப்பர்ச் சவ்வைத் தூக்கிப் பெரிய வழியை விடுகிறது. இதற்குப் பெரும்பாலான வால்வுகள் 0.2 பார் அளவுக்காவது அழுத்தம் எதிர்பார்க்கும். அதாவது ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர். உங்கள் வாளியில் இருக்கப்போவது 20 அல்லது 30 சென்டிமீட்டர். வால்வு 'டக்' என்று சத்தம் கொடுக்கும், தண்ணீர் வராது, அல்லது அழுவதுபோல் ஒழுகும். போதாததற்கு இவற்றில் பல நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடுபவை. அதை ஒருவர் தலைக்கு மேல் கட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

அழுத்தம் தேவைப்படாத நேரடி வால்வு வாங்கினால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. நீர்மட்டத்தின் அடியில் ஒரு துளை போட்டால் தண்ணீர் நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அரை அங்குலத் துளையின் பரப்பு 1.27 சதுர செ.மீ. துளையின் விளிம்பில் நீர்த்தாரை குறுகுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 180 மில்லிலிட்டர் வரும். மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும் என்பதால், ஐந்து லிட்டர் வாளி காலியாக ஒரு நிமிடம் பிடிக்கும். அதற்குப் பெயர் குளியல். இந்த விளையாட்டில் சிரிப்பு வருவது தண்ணீரின் அளவால் இல்லை, அது ஒரே மொத்தையாக விழுவதால்தான். பத்து லிட்டர் ஒழுகுவதைவிட இரண்டு லிட்டர் ஒரே நொடியில் விழுவது மேல்.

வாளியின் அடியில் பெரிய துளை வெட்டி, அதை மூடியால் அடைத்து, மூடியைக் கழற்றிவிடுவது ஒரு வழி. பத்து செ.மீ. விட்டமுள்ள துளை என்றால் வாளி ஏறத்தாழ ஒரு நொடியில் காலியாகிவிடும்; வேகத்தில் குறை சொல்ல முடியாது. 20 செ.மீ. தண்ணீர் அந்த மூடியை ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்தும், அதையும் தாங்கிக்கொள்ளலாம். தொல்லை கசிவில் இருக்கிறது. இறுக்கமாக மூடினால் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். தளர்வாக மூடினால் சொட்டிக்கொண்டே இருக்கும். விளையாட்டு தொடங்கும் முன்பே ஆறு பேரும் பாதி நனைந்து உட்கார்ந்திருந்தால் பயமும் போய்விடும், சிரிப்பும் போய்விடும்.

ஆகவே என் பரிந்துரை கவிழும் வாளி. நீர்ப்பூங்காக்களில் உச்சியில் நிற்கும் பெரிய தொட்டி தானாகக் கவிழ்ந்து தானாக நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மோட்டார் எதுவும் அதைப் புரட்டுவதில்லை. அச்சு எங்கே இருக்கிறது என்பதுதான் முழு சூட்சுமம். காலி வாளியின் ஈர்ப்பு மையம் அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். நிரம்பிய வாளியின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே ஏறிவிட வேண்டும். அப்போது நிரம்பியதும் கவிழத் துடிக்கும், கொட்டி முடித்ததும் நிமிர்ந்துவிடும். ஓர் உதாரணம் தருகிறேன். நேரான சுவருள்ள, 25 செ.மீ. உயர, 400 கிராம் எடையுள்ள ஒடுக்கமான பிளாஸ்டிக் வாளி, அதன் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடியில் 300 கிராம் இரும்புத் தகடு ஒட்டினால் காலி வாளியின் மையம் 5.7 செ.மீ.க்கு இறங்கும். 20 செ.மீ. மட்டத்துக்கு மூன்று லிட்டர் ஊற்றினால் மொத்த மையம் 9.2 செ.மீ.க்கு ஏறும். அச்சை 7.5 செ.மீ. உயரத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் போதிய இடைவெளி கிடைக்கும். உங்கள் வாளியின் எண்கள் வேறாக இருக்கும். காலி வாளியைப் பக்கவாட்டில் ஒரு குச்சியின் மேல் கிடத்தி எங்கே சமநிலை வருகிறது என்று பார்த்தால் காலி மையம் தெரிந்துவிடும். நேர்ச்சுவர் வாளியில் தண்ணீரின் மையம் நீர்மட்டத்தில் பாதி.

அச்சுக்கு ஒரு திருகாணிக் கம்பியே போதும், ஆனால் அதை வாளியின் மெல்லிய சுவரில் நேரடியாக மாட்டாதீர்கள். இரு பக்கமும் சிறு பலகைத் துண்டு வைத்துத் துளையிட்டால் பிளாஸ்டிக் கிழியாது. கம்பி வாளிக்குள்ளே குறுக்காகப் போகாமல், இரு பக்கமும் தனித்தனியாக வெளியே நீட்டியிருந்தால் துளையைச் சுற்றிக் கசிவை அடைப்பது எளிது. வாளி பின்னால் சாயாமல் ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பை, வாளி எப்போதும் முன்பக்கம் ஐந்து பாகை சாய்ந்தே நிற்கும்படி வையுங்கள். நேராக நிற்கும் வாளி, பூட்டைத் திறந்த பிறகும் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். முழுவதும் தலைகீழாகச் சுழலாமல் 110 அல்லது 120 பாகையில் இன்னொரு தடுப்பு வேண்டும். அதில் கொஞ்சம் ரப்பர் ஒட்டுங்கள், இல்லையென்றால் அந்த அடி ஒவ்வொரு முறையும் சட்டகத்தையே உலுக்கும்.

இப்படிச் செய்வதில் ஒரு பெரிய லாபம் உண்டு. மூன்று கிலோ தண்ணீரைப் பிடித்து நிறுத்தப் பெரிய விசை தேவைப்படாது. ஐந்து பாகை சாய்வில், மேல் விளிம்பில் வைத்த தாழ் தாங்க வேண்டியது நூறு கிராமுக்கும் குறைவு. ஒரு விரல் நுனியால் பிடிக்கலாம். அந்த விரலுக்குப் பதிலாகத்தான் மின்சாரம் வருகிறது. புவியீர்ப்பு செய்ய வேண்டிய வேலையை மின்சாரத்திடம் கொடுக்காதவரை உங்களுக்குப் பெரிய மோட்டாரும் வேண்டாம், பெரிய ரிலேயும் வேண்டாம்.

தாழை விலக்க மூன்று சாதனங்கள் பொருந்தும். பொம்மை விமானங்களில் வரும், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறிய சர்வோ மோட்டார் முதலாவது. எஸ்ஜி90 என்ற சாதாரண வகைகூட 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-செ.மீ. முறுக்கு விசை தரும். இந்த வேலைக்குத் தாராளம். இரண்டாவது, 12 வோல்ட் இழுப்புச் சொலினாய்டு, அதாவது மின்சாரம் கொடுத்தால் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும் மின்காந்தச் சுருள். இது வேகமானது, ஆனால் இரும்புத் தண்டு வெளியே நீண்டிருக்கும்போது இழுவிசை மிகக் குறைவாக இருக்கும் என்பதை வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் விசை, தண்டு முழுவதும் உள்ளே போன நிலைக்கு உரியதாக இருக்கலாம். அதிக நேரம் மின்சாரம் கொடுத்தால் கொதிக்கும். அரை நொடிக்கு மேல் தேவையும் இல்லை. மூன்றாவது எனக்குப் பிடித்தது: காரின் கதவைப் பூட்டித் திறக்கும் சிறு இயக்கி. 12 வோல்ட், இரண்டு செ.மீ. அளவுக்கு நீண்ட நகர்வு, முரட்டுத்தனமான வலிமை. தாழ் கொஞ்சம் கோணலாக அமைந்துவிட்டாலும் இழுத்துவிடும். எதைத் தேர்ந்தாலும் தாழைப் பூட்டி வைத்திருப்பது சுருள்வில்லாக (ஸ்பிரிங்) இருக்கட்டும், திறப்பதற்கு மட்டும் மின்சாரம் போகட்டும். மின்காந்தத்தால் பிடித்து வைத்து, மின்சாரத்தை நிறுத்தினால் விழும்படி செய்வது அழகாகத் தோன்றும். பேட்டரிக் கம்பி ஒன்று தளர்ந்தால் ஆறு வாளியும் சேர்ந்து கவிழும்.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். இதில் பேச்சுவார்த்தைக்கு இடம் கிடையாது. வீட்டு மின்சாரம் இந்த விளையாட்டின் அருகிலேயே வரக்கூடாது. உலர்ந்த தோல் கொடுக்கும் தடுப்பு நனைந்ததும் பெருமளவு போய்விடும். உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் வீட்டு மின்சாரம் உடலில் செலுத்தும் மின்னோட்டம் உயிரைப் பறிக்கப் போதுமானது. கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதே என்பார்கள். அது கடைசித் தடுப்பு, அதை நம்பி வடிவமைப்பது முறையில்லை. மூடிய ஈய-அமில வகையில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும், ஒரு பகல் முழுவதும் தாங்கும். அதன் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பலர் ஃபியூஸை விட்டுவிடுகிறார்கள். இந்த பேட்டரியின் இரு முனைகள் ஒட்டிக்கொண்டால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும், மெல்லிய வயர் சிவந்து எரியும். விளையாட்டு நடக்கும்போது பேட்டரி சார்ஜரில் இருக்கக்கூடாது. நிரலைக் கடைசி நிமிடத்தில் திருத்துவதற்காக மடிக்கணினியை யுஎஸ்பி கம்பியில் மாட்டியபடி வைத்திருப்பதும் கூடாது, அந்தக் கணினியின் சார்ஜர் வழியாக வீட்டு மின்சாரம் மேடைக்கு வந்துவிடும்.

கட்டுப்பாட்டுப் பெட்டி நாற்காலிகளிலிருந்து சில மீட்டர் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி இருக்கட்டும். வயர்கள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒவ்வொரு வயரும் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலேறினால், வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டியின் மேல் ஐபி65 என்று போட்டிருந்தால் எல்லாப் பக்கமிருந்தும் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். நீங்கள் அதில் துளை போட்ட நொடியே அந்தத் தரம் போய்விட்டது. வயரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையமுள்ள அடைப்பான் ஒன்றைத் துளையில் போட்டால்தான் திரும்பி வரும்.

ரிலே கேள்விக்கு வருவோம். சர்வோ என்றால் ரிலேயே வேண்டாம். பேட்டரியிலிருந்து 5 வோல்ட் தரும் 3 ஆம்பியர் மின்னழுத்தக் குறைப்பி ஒன்று, சர்வோக்களுக்கென்று தனியாக. அர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து சர்வோவுக்கு மின்சாரம் எடுத்தால், சர்வோ திமிறும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆகும். ஆட்டத்தின் நடுவே எல்லாம் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குவதாகப் பலர் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு மின்வழங்கிகளின் எதிர் முனைகளையும் இணைக்க மறக்காதீர்கள். சர்வோ அருகே ஒரு 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வையுங்கள். மின்சாரம் வந்த நொடியில் சர்வோ ஒருமுறை துள்ளும் பழக்கம் உள்ளது என்பதால், சர்வோக்களின் மின்வழியைத் தனிச் சுவிட்ச் மூலம், அர்டுயினோ விழித்த பிறகு கொடுங்கள்.

சொலினாய்டோ கார் கதவின் இயக்கியோ என்றால், அர்டுயினோவின் 5 வோல்ட்டிலேயே திறக்கும் லாஜிக் வகை மாஸ்ஃபெட் (நகரும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்) ஒன்று ஒவ்வொரு வாளிக்கும். ஐஆர்எல்இசட்44என் பொருந்தும். சுருளின் குறுக்கே 1என்4007 டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) தலைகீழாக. இது இல்லாவிட்டால் சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பலர் விட்டுவிடுவது மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் முனையிலிருந்து எதிர் முனைக்குப் போட வேண்டிய 10 கிலோ ஓம் மின்தடையை. அர்டுயினோ விழித்தெழும் அந்தச் சிறு இடைவெளியில் அதன் முனைகள் எந்தப் பக்கமும் சேராமல் மிதக்கும். அப்போது மாஸ்ஃபெட் தானாகத் திறந்து, யாரும் விளையாடாமலேயே யார் தலையிலோ தண்ணீர் விழும். ரிலே பலகைதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் பல, முனையின் மின்னழுத்தம் தாழ்ந்தால் இயங்கும் வகை. நிரலில் முனையை வெளியீடாக அறிவித்த பிறகு உயர்த்தினால் நடுவே ஒரு கணம் ரிலே துடிக்கும். முதலில் உயர்த்துங்கள், பிறகு வெளியீடாக அறிவியுங்கள்.

பொத்தான்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொத்தானை அழுத்தாதபோது முனையை 5 வோல்ட்டில் நிறுத்தி வைப்பதற்காக அர்டுயினோவுக்குள்ளேயே இருக்கும் மேலிழு மின்தடையைப் பயன்படுத்தச் சொல்லி எல்லாரும் எழுதுகிறார்கள். அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். மேசை மேல் பிரச்சினை இல்லை. முதல் வாளி கவிழ்ந்து பொத்தானுக்குள் தண்ணீர் இறங்கியதும், இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே நிற்கும் நீர்ப்படலமே சில ஆயிரம் ஓம் மின்தடையாகச் செயல்படும். உள்மின்தடை 35 கிலோ ஓம், நீர்ப்படலம் 10 கிலோ ஓம் என்றால் முனையில் 1.1 வோல்ட்தான் மிஞ்சும். அதை அர்டுயினோ 'அழுத்தப்பட்டது' என்றே படிக்கும். நனைந்தவர் அடுத்த ஆட்டத்தில் பொத்தானைத் தொடாமலேயே தவறாகத் தொடங்கியதாகக் குற்றம் சாட்டப்படுவார். வெளியே 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட்டுவிட்டால் அதே நீர்ப்படலத்துக்கு 4.5 வோல்ட் நிற்கும், குழப்பம் இல்லை. நீண்ட வயர்களில் சொலினாய்டு இயங்கும்போது வரும் இரைச்சலுக்கும் இதுவே மருந்து. கூடவே முனைக்குப் பக்கத்தில் 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்று வைத்தால் நிம்மதி.

யார் முதல், யார் கடைசி என்ற தீர்ப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு அங்கே ஆபத்து இல்லை. ஆறு பொத்தான்களை வரிசையாகப் படித்தால் முதல் நாற்காலிக்குச் சலுகை கிடைக்காதா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், சில பத்து மைக்ரோநொடிகள். விளக்கைப் பார்த்து மனிதன் விரலை அசைக்க ஐந்தில் ஒரு நொடியோ கால் நொடியோ ஆகிறது. அந்த அளவோடு ஒப்பிட்டால் சலுகை ஒரு பொருட்டில்லை. தொடுமுனைகள் சில மில்லிநொடிகள் துள்ளும் என்பதற்கும் இங்கே பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒவ்வொருவரின் முதல் தொடுதலைப் பதிந்துகொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். தவறான தொடக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். விளக்கு எரியுமுன் அழுத்தினால் தண்ணீர் என்று விதி வையுங்கள். ஓட்டப்பந்தயங்களில் துப்பாக்கி ஒலித்துப் பத்தில் ஒரு நொடிக்குள் புறப்பட்டாலும் தவறான தொடக்கமாகவே கொள்கிறார்கள், அந்த வேகத்தில் கேட்டு அசைய முடியாது என்பதால். அதே 100 மில்லிநொடியை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். இதற்காக நிரலில் காத்திருக்கும் இடங்களில் 'டிலே' கட்டளையைத் தவிர்த்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தான்களையும் படித்துக்கொண்டிருக்கும்படி எழுதுங்கள். 'டிலே'யில் தூங்கும் பலகைக்கு யார் ஏமாற்றினார் என்று தெரியாது.

விளக்கு எரியும் நேரம் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும், இரண்டிலிருந்து ஏழு நொடிக்குள் எங்காவது. அர்டுயினோவின் எதேச்சை எண்கள் உண்மையில் ஒரு நிலையான வரிசை. பலகையை அணைத்து ஏற்றினால் அதே வரிசை மறுபடி வரும். கூர்மையான சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். எதனோடும் இணைக்காமல் மிதக்கும் அனலாக் முனையைப் படித்து, அந்த எண்ணை வரிசையின் தொடக்கப் புள்ளியாக, அதாவது விதையாகப் போடுவது வழக்கம், ஆனால் அது பெரும்பாலும் ஒரே சிறு வட்டத்துக்குள் சுற்றும். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பொத்தானை அழுத்தும் நொடியின் மைக்ரோநொடிக் கணக்கை விதையாகக் கொடுங்கள். எந்த நடுவராலும் அதைத் திட்டமிட்டு அழுத்த முடியாது.

ஆறு வாளி அதிகம் என்று தோன்றினால் ஒரே வாளி, ஒரே நாற்காலி, ஆறு பேர் முறைவைத்து உட்கார்ந்து அழுத்தும் ஆட்டமும் உண்டு. இதில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாக ஆறில் ஒரு வாய்ப்பு என்று எழுதினால் நியாயம்போலத் தெரியும். ஆனால் முதலில் உட்காருபவர் நனையும் வாய்ப்பு 25 விழுக்காடு, ஆறாமவருக்கு வெறும் 10. அதுமட்டுமில்லை, ஒரு சுற்று முழுவதும் யாரும் நனையாமல் போக 33 விழுக்காடு வாய்ப்பு. சுற்றின் தொடக்கத்திலேயே ஒன்று முதல் ஆறுக்குள் ஓர் எண்ணை மறைவாகத் தேர்ந்து, அந்த அழுத்தலில் கவிழச் செய்தால் எல்லோருக்கும் சமம், சுற்றும் கட்டாயம் முடியும். தீர்ப்பு தெரிந்த உடனே கவிழ்க்காதீர்கள் என்பதும் என் ஆலோசனை. தோற்றவர் யார் என்று காட்டாமல் இரண்டோ மூன்றோ நொடி பஸ்ஸர் மட்டும் அடித்துக்கொண்டிருக்கட்டும். ஆறு பேரும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான் பார்ப்பவர்களுக்கு விருந்து.

சட்டகம் பற்றி எச்சரிக்கையோடு பேசுகிறேன், அதன் உறுதியை நேரில் பார்க்காமல் யாரும் சான்று தர முடியாது. ஆறு வாளியில் மூன்று லிட்டர் வீதம் 18 கிலோ தண்ணீர், அதுவும் எல்லாம் உச்சியில். நீண்ட ஒற்றைச் சட்டகத்தைவிட, அகன்ற அடிப்பாகமுள்ள தனித்தனிச் சட்டகங்கள் எனக்கு நிம்மதி தரும். கால்களை மணல் மூட்டையால் அழுத்தியோ முளையடித்துக் கட்டியோ வையுங்கள். நாற்காலி சட்டகத்தோடு இணைந்திருக்கக்கூடாது. தண்ணீர் விழுந்ததும் துள்ளி எழுபவர் அதையும் இழுத்துக்கொண்டு வருவார். அச்சு உடைந்தாலும் வாளி தலையில் விழாதபடி அதன் அடியிலிருந்து சட்டகத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள். வாளியின் விளிம்பு தலைக்கு மேல் அரை மீட்டருக்கு மேற்பட வேண்டாம். அங்கிருந்து விழும் தண்ணீரே நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வரும், அது போதும். பனிக்கட்டி போடாதீர்கள். மிகக் குளிர்ந்த நீரும் வேண்டாம். திடீர்க் குளிர் பட்டதும் மூச்சு இழுத்துக்கொள்ளும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விளையாட்டில்லை. சட்டகத்தை நிறுத்துமுன் அண்ணாந்து பாருங்கள். 2014இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவர்கள் மேல் தண்ணீர் ஊற்ற உதவிய தீயணைப்பு வீரர்களின் ஏணி உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகே போனதால் மின்சாரம் பாய்ந்து நால்வர் காயமடைந்தார்கள், அவர்களில் ஒருவர் பின்னர் இறந்தார். தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் இந்தச் சட்டகம் வேண்டவே வேண்டாம். மற்றபடி இந்த விளையாட்டில் அடிபட்டால் அது பெரும்பாலும் வழுக்கி விழுவதால்தான் இருக்கும். புல்தரை நல்லது, ஓடு பதித்த தரை கூடாது.

வாளிகளை நிரப்பும்போது யாராவது கீழே குனிந்திருப்பார், அதனால் ஒவ்வொரு தாழிலும் கையால் செருகும் ஒரு பாதுகாப்பு ஊசி வையுங்கள், சிவப்பு நாடா கட்டி. ஆறு நாடாவும் நடுவர் கையில் வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும். இயக்கிகளுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சும் நடுவர் பக்கத்திலேயே இருக்கட்டும், அதை நிரலின் வழியாகச் செய்யாமல் கம்பியிலேயே செய்யுங்கள்.

இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை வால்வுகள் வேலை செய்யாது என்பதும், வீட்டு மின்சாரம் கூடாது என்பதும், மேலே போட்ட கணக்குகளும். உங்கள் வாளி எவ்வளவு சுத்தமாகக் கவிழும், கொஞ்சம் தண்ணீரை அடியில் தேக்கிக்கொண்டு பாதியில் நிற்குமா, தண்ணீர் எத்தனை செ.மீ. முன்னால் போய் விழும் என்பதெல்லாம் செய்து பார்த்தால்தான் தெரியும். ஆறையும் ஒன்றாகச் செய்யாமல் ஒரே ஒரு சட்டகத்தை முதலில் கட்டுங்கள். காலி நாற்காலியில் ஒரு பழைய தலையணையை உட்கார வைத்து, தாழைக் கையால் இழுத்து, அது தலைப்பக்கம் நனைகிறதா மடிப்பக்கம் நனைகிறதா என்று பார்த்து நாற்காலியின் இடத்தைத் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். அது சரியாக வந்த பிறகே சர்வோவை மாட்டுங்கள். தாழ் சிக்கினால் அதன் படத்தோடு, விளிம்பிலிருந்து அச்சு எவ்வளவு தூரம், எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.